லேட் ஃபெர்ரீஸ் தட்டில் பாடியது யார்?

பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை பார்க்க இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நிற்கத் தெரிந்தால் போதும். டெய்ரி என்கிற மூலைக்கடையிலும் மருந்துக்கடையிலும் பெட்ரோல் ஸ்டேஷனிலும் கவுண்டருக்குப் பின்னால் நின்று, கேட்காத கேள்விக்கெல்லாம் நீளமான பதில் வாங்கித் தலையாட்டிப் பிழைக்கும் என் இனத்தவரே, உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. உங்கள் கால்வலிக்கும் என் கால்வலிக்கும் ஒரே தைலம்தான். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வருகிறவர்கள் சாமான் வாங்க வருகிறார்கள். எங்களிடம் வருகிறவர்கள் வழக்காட வருகிறார்கள்.

நேர்முகத் தேர்வு

ஆக்லாந்தின் விரி என்ற பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். என் முதுகு ஒரு நாள் தன் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டது. வேறு வேலை தேடி ஊர் முழுக்க அலைந்ததில், கே ரோட்டில் ஒரு கடைக் கண்ணாடியில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்ததைக் கண்டு உள்ளே போனேன். முதலாளியின் பெயர் பேரி. வெள்ளைத் தாடி, காலில் செருப்பில்லை. இந்த நாட்டில் வெறுங்காலோடு கடை நடத்துவது வறுமையின் அடையாளமில்லை என்பது எனக்கு அதற்குள் பழகியிருந்தது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். அறுபது, எழுபதுகளில் நாலைந்து பேர் சேர்ந்து பாடிய குரல் குழுக்கள் பற்றி? அதுவும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டிருக்கிறேன், அதிலும் பாதி நேரம் நித்திரை என்று உண்மையைச் சொன்னேன். போய்வரச் சொல்லப்போகிறார் என்று எழுந்துவிட்டேன். பேரி கையைப் பிடித்துக் குலுக்கினார். "திங்கட்கிழமை வா. இசை தெரிந்தவனை வைத்தால் நல்ல தட்டையெல்லாம் அவனே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறான்."

டேப் ஒட்டிய கட்டை

வாங்குகிறவர்கள் போட்டுக் கேட்பதற்கென்று கடையின் நடுவில் ஒரு டர்ன்டேபிள் உண்டு. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டை இருக்கிறது. அதை ஒரு பக்கம் நகர்த்தினால் தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றும், மற்றப் பக்கம் நகர்த்தினால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். வேகத்தோடு குரலும் ஏறும், இறங்கும். பேரி அந்தக் கட்டையைச் சரி நடுவில் நிறுத்தி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். தட்டு எப்படி அச்சாகி வந்ததோ அப்படியே கேட்கவேண்டும், அதில் கை வைப்பது பாவம் என்பது அவர் மதம். அவர் மட்டுமில்லை, சோல் ரசிகர்கள் எல்லோருக்குமே அதுதான் மதம். டேப் பழசாகி உரியும்போது புதிது ஒட்டுவது என் வேலை.

ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பாட்டுத் தேடி வந்தார். வரவேற்பில் அப்பாவும் மகளும் சேர்ந்து ஆடவேண்டுமாம். பாட்டு பிடித்திருந்தது, வேகம்தான் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாமா என்று டேப்பின் நுனியை நகத்தால் கிள்ளினார். கடையின் அந்தக் கோடியிலிருந்து பேரியின் குரல் வந்தது. "கையை எடுங்கள். ரெக்கார்டில் பிழையில்லை, முழங்காலைத்தான் மாற்றவேண்டும்."

சனிக்கிழமை வழக்கு

சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கிரேம், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மற்றவர் வில்லி, சமோவாக்காரர், பஸ் ஓட்டுகிறவர், ஞாயிறுகளில் சர்ச்சில் பாடுகிறவர். இருவரும் தட்டு வாங்கி நான் பார்த்தது குறைவு. ஒரே ஒரு தட்டைப் பற்றி ஓயாமல் சண்டை பிடித்துத்தான் பார்த்திருக்கிறேன். த லேட் ஃபெர்ரீஸ் என்று எழுபதுகளில் இந்த ஊரில் ஒரு குழு இருந்தது. பாடிப் பழகிவிட்டு டெவன்போர்ட்டுக்குப் போகும் கடைசி ஃபெர்ரியைப் பிடிக்க ஓடுகிற பையன்கள் என்பதால் அந்தப் பெயராம். அவர்கள் போட்டது ஒரே ஒரு சின்னத் தட்டு. அட்டையில் நாலு பேர் துறைமுகத்தில் நின்று சிரிக்கிறார்கள், பின்பக்கத்தில் நாலு பேர் பெயர். ஆனால் பாட்டில் கேட்பது ஐந்து குரல். அந்த ஐந்தாவது குரல்தான், மேலே ஏறி நின்று, கேட்கிறவர் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிற குரல்.

அது ஒரு பெண், காசுக்குப் பாடிவிட்டுப் போனவள் என்பது கிரேமின் கட்சி. படத்தில் இடமிருந்து இரண்டாவது ஆளே இரண்டு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்று பதிந்திருக்கிறார்கள் என்பது வில்லியின் கட்சி. இரண்டாவது அடிக்கு முன்னால் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். அது புல்லாங்குழல் என்பார் ஒருவர், அச்சில் வந்த கோளாறு என்பார் மற்றவர். ஒருநாள் வில்லியின் மனைவி அவரைக் கூட்டிப்போக வந்து, காரை டபுள் பார்க்கிங்கில் விட்டுவிட்டு, இந்த வழக்கு முடியும்வரை வாசலில் நின்றார். பொறுமை போய் என் பக்கம் திரும்பினார். "நான் ஃபோன் எடுத்தால் யார் பேசுவது என்று கேட்கிற மனிதர் இவர். இந்தக் குரல் யாருடையது என்று மட்டும் சத்தியம் பண்ணுவார்."

கரகரப்பு

மாசி என்ற புறநகரிலிருந்து ஒரு பெண் வந்து, முந்தின வாரம் வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுத்தார். கீறலா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. என்ன குறை என்றால், குறை இல்லாததுதான் குறையாம். பிரிந்துபோன கணவர் வைத்திருந்த தட்டு முழுக்கக் கரகரவென்று இருக்குமாம். அதே பாட்டில், அதே இடத்தில் ஊசி ஒரு துள்ளுத் துள்ளுமாம். போகும்போது அவர் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடையில் இருந்ததிலேயே மோசமாகத் தேய்ந்த ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். போட்டுக் கேட்டார், கண்ணைத் துடைத்தார், விலை குறைவு என்று மீதியை நீட்டியபோது வாங்கவில்லை. "வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தட்டில் எனக்கு அழுகையே வரவில்லை."

பக்குரங்காவிலிருந்து வந்த அக்கா

ஒரு மழைச் சனிக்கிழமை, சேலைக்கு மேல் பெரிய மழைக்கோட்டுப் போட்ட ஒரு அம்மா உள்ளே வந்தார். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "தம்பி சிலோனா?" என்றார். ஓம் என்றேன். அவர் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர், பெயர் புஷ்பா, பக்குரங்காவில் வீடு. கணவர் தேவராஜ் போன குளிர்காலத்தில் தவறிவிட்டார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு சின்ன வயசுல இங்கதான் படிச்சாரு. படிப்பு முடிஞ்சு ஊருக்கு வந்து என்னக் கட்டுனாரு. அப்புறம் பிள்ளைங்களோட மறுபடி இங்கயே வந்துட்டோம். பழைய பாட்டு ரேடியோல எப்பவாச்சும் ஒரு பாட்டுப் போடுவான். உடனே இவரு, 'புஷ்பா, இது நான்தான் பாடுறேன்'ம்பாரு. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். அப்புறம் அவரு சொல்றத நிறுத்திட்டாரு. இப்ப ஆளு போனப்புறம்தான் லா மனசு கேக்குது, ஒருவேளை நெசமா இருக்குமோன்னு."

குழுவின் பெயரைச் சொன்னார். கிரேமும் வில்லியும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பேரி தட்டை எடுத்துவந்து, தானே துடைத்து, தானே ஊசியை வைத்தார். அந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை கண்ணை மூடியிருந்தார். முடிந்ததும் முகம் விழுந்துவிட்டது. தன் கணவர் குரல் இவ்வளவு மேலே போகாது, இது வேறு யாரோ என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் ஆட்கள் விடுவார்களா? கிரேம் அட்டையைக் காட்டி நாலு முகங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். இதில் இந்தியர் யாருமில்லை, பாடுவது நிச்சயமாகப் பெண் என்றார். வில்லி அன்றைக்குத்தான் முதல் தடவையாக கிரேமோடு பாதி ஒத்துப்போனார். யாராக இருந்தாலும், இந்திய மாணவன் ஒருவன் அந்தக் காலத்தில் இப்படிப் பாடியிருக்க வழியில்லை என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் மருந்தின் பெயரைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த வகை.

"அக்கா, இவையள் சொல்லுறதைப் பெரிசா எடுக்காதையுங்கோ. கிழமைக்கொரு கதை கதைக்கிற ஆக்கள்," என்றேன். அவர் மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். "சும்மாதான் சொல்லியிருக்காரு. என்கிட்டப் போய் பொய் சொல்லணுமா, சொல்லுங்க தம்பி?"

படத்தில் இல்லாதவன்

சில மாதம் கழித்து டெட் என்ற கிழவர் வந்தார். ஓய்வு இல்லத்துக்குக் குடிபோகிறார், அங்கே ஒரு அறைதான், ஆகவே தட்டுகளை விற்கவேண்டும். மகன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அன்றும் சனிக்கிழமை, அன்றும் அதே தட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதே வழக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. டெட் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில், இது இன்னும் வேகமாகத்தான் ஓடுகிறது என்றார்.

டர்ன்டேபிள் சரியாகத்தான் இருக்கிறது என்று பேரி விறைப்பாகச் சொன்னார். டெட் சிரித்தார். டர்ன்டேபிளைச் சொல்லவில்லை, தட்டைச் சொல்கிறேன் என்றார். அட்டையில் வலது ஓரத்தில் நிற்கிறவர் அவர்தானாம், அடிக்குரல் பாடியவர். பாட்டைப் பதிந்து முடித்ததும், ரேடியோக்காரர்களுக்குத் துள்ளலாக இருக்கவேண்டும் என்று ஸ்டுடியோ முதலாளி நாடாவை வேகமாக ஓடவிட்டுத் தட்டுப் போட்டுவிட்டாராம். பையன்கள் எல்லோரும் தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே சிரித்தார்களாம்.

பேரி டர்ன்டேபிள் அருகே போய் குனிந்தார். நான் போன மாதம் புதிதாக ஒட்டிய டேப், நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் உரித்தெடுத்தார். டெட் கையைக் காட்டக் காட்ட, கட்டையை மெல்ல நகர்த்தினார். கிரேமின் பெண் மறைந்து போனாள். வில்லியின் இரண்டாவது ஆளும் போய்விட்டார். ஒரு இளைஞன் பாடினான், சாதாரணமான, நல்ல, கொஞ்சம் கூச்சமான குரலில். விசில் வந்த இடத்தில் இப்போது புல்லாங்குழலும் இல்லை, கோளாறும் இல்லை. அது அவன் மூச்சு இழுக்கிற சத்தம்.

"தேவ்," என்றார் டெட். மலேசியாவிலிருந்து படிக்க வந்த பையன். காசுக்குப் பாடியது தெரிந்தால் படிப்பு விசாவுக்கு ஆபத்து வரும் என்று அவன் பயந்ததால், அட்டையில் பெயர் போடவில்லை. அப்படியானால் படத்திலும் அதனால்தான் நிற்கவில்லையா என்று கிரேம் கேட்டார். வாத்தியார் குரல் அன்றைக்குத்தான் அவ்வளவு சின்னதாக வந்தது. இல்லை என்று டெட் தலையை ஆட்டினார். "அந்தப் படத்தை எடுத்ததே அவன்தான். எங்கள் எல்லோரிலும் அவனிடம் மட்டும்தான் கேமரா இருந்தது."

தேடல்

அந்த அக்காவின் விலாசமும் இல்லை, ஃபோன் இலக்கமும் இல்லை. புஷ்பா என்ற பெயரும் பக்குரங்கா என்ற ஊரும் மட்டும் கையில். கிரேம் நல்ல கையெழுத்தில் ஒரு அட்டை எழுதி பக்குரங்கா நூலகத்தில் ஒட்டினார். வில்லி தன் சர்ச்சில் அறிவித்தார், அந்த அக்கா சைவ சமயத்தவர் என்று நான் சொன்ன பிறகும். நானும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்துக் கடைத்தெருவில் சேலை கட்டியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தோம். அவள் என் கையைக் கிள்ளியது ஒரு தடவை மட்டுமில்லை. கோயிலில் கேட்டோம். மலேசியாக்காரர்கள் தைப்பூசத்துக்குத்தான் வருவார்கள் என்றார் ஐயர்.

கடைசியில் மசாலாச் சாமான் விற்கும் மதுரைக்காரரிடம் போனோம். தேவராஜ் என்று ஒருவர், காலமாகிவிட்டார், அவருடைய மனைவி, மலேசியா, அவர் கணவர் நன்றாகப் பாடுவார் என்று அடுக்கினேன். மல்லித்தூள் பொதிகளை அடுக்கிக்கொண்டே கேட்டவர், கையை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இருந்தாலும் நான் நீட்டிய துண்டுச் சீட்டை வாங்கி கல்லாவுக்கு மேல் ஒட்டத்தான் செய்தார். "ஆமா சார், ஒட்டி வைக்கிறேன். ஆனா வர்ற அம்மாங்ககிட்ட உங்க வீட்டுக்காரர் பாடுவாரான்னா கேக்க முடியும்? எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க."

மூச்சு

அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் புஷ்பா அக்கா வந்தார். வெயில் அடித்த சனிக்கிழமை, மழைக்கோட்டு இல்லை. நான் நாற்காலி போட்டேன். கிரேமும் வில்லியும் சுவரோரமாக நின்றார்கள், பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளைகள் மாதிரி. பேரி அன்றைக்குச் செருப்புப் போட்டிருந்தார். டெட் சொன்னதை நான் தமிழில் ஒன்றுவிடாமல் சொன்னேன், கேமராவையும் சேர்த்து. அவர் என்னை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. போடுங்க தம்பி, கேப்போம் என்றார்.

கட்டை மெதுவில் நின்றது. பாட்டுத் தொடங்கி முதல் அடி முடியும்வரை அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மறுபடியும் தப்பாகப் போய்விட்டதோ, இந்த அம்மாவை இரண்டாம் தடவையும் கூப்பிட்டு அடிக்கிறோமோ என்று பயந்தேன். இரண்டாவது அடிக்கு முன்னால் அந்த மூச்சு வந்தது, உள்ளே போகும்போது சின்ன விசிலோடு. அவர் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது.

"ஸ்கூல்ல ஹாக்கி ஆடி மூக்கு உடைஞ்சது தம்பி. மூச்சு இழுத்தா இந்த விசில்தான். ராத்திரி பூரா இதுதான். எனக்குத் தூக்கம் வரலன்னு அவரப் பக்கத்து ரூம்புல படுக்கச் சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் அங்கதான் படுத்தாரு. போனதும் அங்கதான்."

பாட்டு முடிந்தது. ஊசி ஓடிக்கொண்டே இருந்தது, எடுக்க யாருக்கும் கை வரவில்லை. வீட்டில் அவர் குரல் வேறு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று பேரி கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். இருந்தது என்றார் அந்த அக்கா. ஒரு பெட்டி நிறைய கேசட். தீபாவளிக்கு, பிள்ளைகள் பிறந்தநாளுக்கு, சும்மா சமையலறையில் நின்று பாடியது என்று எல்லாம் அவரே பதிந்து வைத்தது. அன்றைக்கு மழையில் வீட்டுக்குப் போனவர், என்னிடம் பொய் சொன்ன மனிதனின் பாட்டு எனக்கு எதற்கு என்று, கவுன்சில்காரர்கள் பழைய சாமான் எடுக்க வந்தபோது அந்தப் பெட்டியையும் வாசலில் வைத்துவிட்டார். அதை அவர் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் விளங்கும்படியாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

தட்டை பேரி அட்டையில் போட்டு அவர் மடியில் வைத்தார். மெதுவாக ஓடும் பதிவையும் அக்காவின் மகளுடைய ஃபோனுக்கு அனுப்பினார். கிரேம் முன்னால் வந்து, நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், எங்களை மன்னியுங்கள் என்றார். வில்லி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அட்டையிலிருந்த நாலு முகங்களையும் பார்த்தார். அந்த நாலு பேரும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு இப்போது தெரியும். பிறகு என் பக்கம் திரும்பி, இதை அவங்ககிட்டச் சொல்லுங்க தம்பி என்று தமிழில் சொன்னார். "அவங்க மேல ஒரு கோவமும் இல்ல. இத்தன வருஷம் கூட இருந்தேன், எனக்கே அவரு குரல் தெரியலயே."

இப்போது அந்தக் கட்டையின்மேல் டேப் இல்லை, கடையில் மிச்சமிருக்கும் அதே பாட்டின் இன்னொரு தட்டின் அட்டையில் பேரி பேனாவால் எழுதிய ஐந்தாவது பெயர் இருக்கிறது, இந்தப் பாட்டில் பாடியது யார் என்று யாராவது கேட்டு வந்தால் காதை வைத்தே பிழைப்பு நடத்தும் நாங்கள் நாலு பேரும் ஒரே குரலில் சொல்கிறோம், தெரியாது, முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்று.